தளம் போடுகிற நாளில் நான் இல்லாவிட்டால்?

வாசகர் கேள்வி: சார், எனக்கு வயது 44. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. பட்டாபிராம் தாண்டி இரண்டு சென்ட் மனையில் 650 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன். லேபர் காண்ட்ராக்ட், பொருள் எல்லாம் நானே வாங்கிப் போடுகிறேன். தூணும் சுவரும் ரூஃப் பீம் மட்டம் வரை வந்துவிட்டன; மேலே கான்கிரீட் கூரைத் தளம்தான் பாக்கி. ஜூலை முதல் வாரம் சாரத்தில் ஏறிச் சுவர் மட்டம் பார்த்தபோது பலகை புரண்டு கீழே விழுந்தேன். வலது குதிகால் எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். மொத்தம் மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்கிறார் டாக்டர். இப்போது ஆறாவது வாரம். 'தளத்தைப் போட்டுடலாம் சார், இல்லன்னா என் ஆளுங்க வேற சைட்டுக்குப் போயிடுவாங்க' என்கிறார் மேஸ்திரி. மனைவிதான் காலையில் சைட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் மேஸ்திரிக்கும் ஒத்துவரவில்லை. நான் இல்லாமல் தளம் போட்டால் ஏமாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆட்டோவில் போய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாமா? இல்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கால் சரியான பிறகு ஆரம்பிக்கலாமா? வாடகையும் வங்கி வட்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பாவுக்கு 74 வயது; தையில் கிரகப்பிரவேசம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாமியார் வீட்டில் 'மனை காவு கேட்குது' என்று ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை. பெயர் வேண்டாம்.

கட்டடப் பொறியாளர் பதில்:

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் பாதிக்குள் தளத்தைப் போட்டுவிடுங்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே போகாதீர்கள். தளத்தைத் தாங்கக் கீழே நிறுத்தும் முட்டுக் கட்டைகளைப் பிரித்ததும் வேலையை மொத்தமாக நிறுத்திவிட்டு, தை பிறந்ததும் பூச்சு வேலையை ஆரம்பியுங்கள். நீங்கள் கேட்ட இரண்டில் எதுவும் இல்லாத மூன்றாவது வழி இது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். படுக்கையில் இருப்பவருக்குப் படிக்க நேரம் இருக்கும்தானே.

முதலில் அந்த நாற்காலி. 2011-ல் கொளத்தூர் பக்கம் ஒரு சைட்டில் செப்டிக் டேங்குக்குத் தோண்டி, மேலே பலகை போட்டு மூடியிருந்த குழியில் நான் விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயின. ஆறாவது வாரம், நீங்கள் இப்போது இருக்கும் அதே வாரத்தில், அதே வீட்டுக்குத் தளம். 'உட்கார்ந்துதானே பார்க்கப்போகிறேன்' என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டுப் போனேன். முதல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கான்கிரீட்டை இறுகச் செய்யும் வைப்ரேட்டரின் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. எழுந்து ஊன்றுகோலோடு நாலு அடி வைத்தேன். மிக்சரில் இருந்து வழிந்த சிமெண்ட் பால் தரையெல்லாம் பரவியிருந்தது. ஊன்றுகோலின் ரப்பர் முனை அதில் வழுக்கியதும், நல்ல காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உடைந்த கால் தப்பித்தது, நல்ல முழங்காலின் தசைநார் கிழிந்தது. மூன்று மாதத்தில் முடிய வேண்டியது எட்டு மாதம் ஆனது.

இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது ஒன்றுதான். அன்றைக்கு வைப்ரேட்டர் பழுதாகவே இல்லை. டீசல் ஊற்றுவதற்காக ஒரு நிமிடம் அணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தளமும் நன்றாகத்தான் விழுந்தது, அந்த வீட்டில் இன்று வரை ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. நான் அங்கே இருந்ததால் கான்கிரீட்டுக்கு ஒரு நன்மையும் வரவில்லை.

கட்டடம் நடக்கிற இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எம்.சாண்டில் ஊன்றுகோல் புதையும், ஜல்லியில் உருளும். கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கிற சென்ட்ரிங் பலகைகள் ஆணியோடு அங்கங்கே கிடக்கும். நல்ல காலோடு நடப்பவர்களே தடுக்கி விழுகிற இடம். குதிகால் எலும்பு நம் முழு எடையையும் தாங்குவது, அதைச் சேர்த்து வைத்திருப்பதோ ஒரு தகடும் சில திருகுகளும். சீக்கிரம் ஊன்றினால் திருகு தளர்ந்து மறுபடி ஆபரேஷன் வரை போகலாம். நான் எலும்பு டாக்டர் இல்லை. அவர் மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர்களுக்கு முதுகெலும்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். உங்களுக்கு எடுத்தார்களா? கெண்டைக்காலில் திடீரென்று வலியோ வீக்கமோ வந்தாலும், மூச்சு வாங்கினாலும், அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள். நீண்ட நாள் படுத்திருக்கும் காலில் ரத்தம் உறைவது உண்டு. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த மூன்று மாதமாவது நிறுத்துங்கள். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும். 'புத்தூர் கட்டு போட்டால் ஒரு மாதத்தில் நடக்கலாம்' என்று இந்நேரம் நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். பிளேட் வைத்த காலை, ஆபரேஷன் செய்தவரிடம் கேட்காமல் எண்ணெய் போட்டு உருவவோ இழுத்துக் கட்டவோ யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது வீடு.

முழுக்க நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் விழுந்தது அஸ்திவார நிலையில் என்றால் யோசிக்காமல் 'நிறுத்துங்கள்' என்று சொல்லியிருப்பேன். இப்போது சுவர் முழு உயரத்துக்கு வந்து, மேலே மூடாமல் நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி ஆரம்பிக்கும். நவம்பர், டிசம்பரில் சென்னையில் என்ன ஆகும் என்று 2015-ம் 2023-ம் பார்த்த நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூரை இல்லாத சுவர் ஒரு மழைக்காலம் நனைந்தால் இடிந்துவிடாது. ஆனால் மேல் வரிசைகளில் கலவை அரிக்கும், உள்ளே நிரப்பிய மண் அமுங்கும், தூண் கம்பிகள் துருப்பிடிக்கும். சைட்டில் ஆள் நடமாட்டமும் இல்லாவிட்டால் கம்பியும் பலகையும் இருக்காது. தளம் விழுந்துவிட்டால் அந்த வீடு எத்தனை மாதம் வேண்டுமானாலும் பொறுமையாக நிற்கும். அதனால்தான் தளத்தோடு நிறுத்தச் சொல்கிறேன். கட்டட வேலையில் நிறுத்துவதற்கென்று சில நல்ல இடங்கள் உண்டு: பிளிந்த் பீம் (அஸ்திவாரத்துக்கு மேல் சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்திரம்) முடிந்த இடம், தளம் முடிந்த இடம். நீங்கள் இரண்டாவதற்கு ஒரே ஒரு படி கீழே நிற்கிறீர்கள்.

நீங்கள் இல்லாமல் எப்படிப் போடுவது? ஒரு பொறியாளரை இந்த ஒரு வேலைக்கு மட்டும் அமர்த்துங்கள். பிளான் வரைந்து கொடுத்தவரே வந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் சைட் பார்க்கும் சிவில் இன்ஜினியர் யாராவது. மூன்று முறை வந்தால் போதும்: சென்ட்ரிங் அடித்து முடித்ததும் ஒரு முறை, கம்பி கட்டி முடித்ததும் ஒரு முறை, கான்கிரீட் போடும் நாளில் காலை முதல் முடியும் வரை. விசிட்டுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உங்கள் தளத்துக்கும் பீமுக்கும் சேர்த்து ஏறக்குறைய 10 கன மீட்டர் கான்கிரீட் வரும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை என்றால் சிமெண்ட் மட்டுமே 80 மூட்டை பக்கம் போகும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் பொறியாளருக்குக் கொடுப்பது பெரிதாகத் தெரியாது. தனியாகக் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் டைல்ஸுக்குச் சதுர அடிக்கு இருபது ரூபாய் கூடக் கொடுப்பார்கள், இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். எனக்கு அது என்றைக்குமே விளங்கியதில்லை.

நீங்கள் பயப்படுகிற ஏமாற்று வேலை கான்கிரீட் நாளில் நடப்பது குறைவு. தளம் கெடுவதும் நிலைப்பதும் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலமே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் மனைவி கையில் ஒரு டேப்போடும் போனோடும் அங்கே இருந்தால், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதைவிட நூறு மடங்கு பிரயோஜனம். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கீழே முட்டுகள். ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் பலகை இருக்க வேண்டும். புது மண் நிரப்பிய தரையில் வெறும் உடைந்த செங்கல்லை வைத்து முட்டு நிறுத்தியிருந்தால், ராத்திரி ஒரு மழை பெய்தாலும் அது இறங்கும். மேலே இருபது டன்னுக்கு மேல் கான்கிரீட் நிற்கும்போது ஒரு முட்டு அரை அங்குலம் இறங்கினால் தளம் தொங்கிவிடும். அதை அப்புறம் பூச்சில்தான் மறைக்க வேண்டியிருக்கும். சவுக்குக் கட்டை என்றால் நடுவில் குறுக்குக் கட்டை போட்டு ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மேலே கம்பி. பலகைக்கும் கம்பிக்கும் நடுவே தளத்தில் 20 மி.மீ., பீமில் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். அதற்குத்தான் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக் என்ற சின்னக் கட்டி. மேஸ்திரிகள் இன்னும் சில இடங்களில் ஜல்லித் துண்டைச் செருகிவிட்டு 'ஒண்ணும் ஆகாதும்மா' என்பார்கள். ஜல்லி நகர்ந்துவிடும், கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும், பத்து வருடத்தில் சீலிங்கில் துருக் கோடு தெரியும், பூச்சு பொத்துக்கொண்டு விழும். பழைய வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியுமே, அதேதான். கவர் பிளாக்கை நீங்களே ஆர்டர் போட்டு சைட்டில் இறக்கிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

அடுத்தது நான் ரொம்பக் கறாராக இருக்கிற விஷயம். சுவருக்கும் பீமுக்கும் மேலாகப் போகிற எக்ஸ்ட்ரா ராடுகள் தளத்தின் மேல் பக்கத்தில் நிற்க வேண்டும். கம்பியை வளைத்துச் செய்த 'சேர்' மேல்தான் அவை உட்கார்ந்திருக்கும். காலையில் பார்த்தால் சரியாக இருக்கும். எலக்ட்ரீஷியன் பைப் போட ஏறுவார், ஃபேன் பாக்ஸ் வைப்பார், சித்தாள்கள் மேலேயே நடப்பார்கள், சாயங்காலத்துக்குள் மிதிபட்டு எல்லாம் கீழே இறங்கியிருக்கும். வாசலில் போர்டிகோ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே இது உயிர்ப் பிரச்சினை. நீட்டிய தளத்தை மேல் கம்பிதான் பிடித்து நிறுத்துகிறது. அது கீழே இறங்கிவிட்டால் முட்டைப் பிரிக்கும் நாளில் தளம் தலையில் விழலாம். அதனால் கான்கிரீட் போடும் காலையில், முதல் கலவை விழுவதற்கு முன்பு, பொறியாளர் இதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கான்கிரீட் நாளைப் பற்றி அதிகம் இல்லை. காலை ஏழுக்கு ஆரம்பித்துவிட வேண்டும். ஆவணி, புரட்டாசியில் சென்னையில் சாயங்கால இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஒரு தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும். கலவையில் தண்ணீர்தான் சண்டை. இளக்கமாக இருந்தால் தள்ளிவிடுவது சுலபம் என்பதால் ஆட்கள் 'ஊத்து ஊத்து' என்பார்கள். அதைத் தடுக்க அன்றைக்குப் பொறியாளர் அங்கே நிற்பார், அதற்குத்தான் அவருக்குக் காசு. அன்றைய கலவையிலிருந்து இரண்டு முறையாக ஆறு கான்கிரீட் கட்டிகள் எடுத்து 28 நாள் கழித்து லேபில் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கலவையில் ஏமாற்றினார்களா என்ற உங்கள் சந்தேகத்துக்கு ஒரு எண்ணோடு பதில் வந்துவிடும். கான்கிரீட் எம்20 (சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்கும் தரம்) என்றால் அந்த 20-தான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய எண்.

மறுநாள் காலையே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாளுக்குக் குறையாமல், வெயிலும் காற்றும் உலர்த்துகிற இடத்தில் 14 நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பட்டாபிராம் வெயிலுக்கு 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முட்டு பிரிப்பதில் மேஸ்திரிக்கு அவசரம் இருக்கும், சென்ட்ரிங் சாமான் வாடகை ஓடுமே. பெரிய அறைக்குத் தளத்தின் முட்டு 14 நாளாவது நிற்க வேண்டும். பீம் முட்டை 21 நாளுக்கு முன் என் சைட்டில் நான் தொட விடுவதில்லை. செப்டம்பர் 15-ல் போட்டால் அக்டோபர் முதல் வாரம் முட்டு இறங்கும், மழைக்கு முன்னால் இடம் சுத்தமாகிவிடும்.

புரட்டாசியில் தளம் போட்டால் ஆட்களுக்குப் பிரியாணி கிடையாது என்று மேஸ்திரிகள் அலுத்துக்கொள்வார்கள். முடிந்தால் ஆவணிக்குள் போட்டு அந்த மனக்குறையையும் தீர்த்துவிடுங்கள்.

மேஸ்திரியைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அவர் அவசரப்படுத்துகிறார் என்ற தொனி இருக்கிறது. கொஞ்சம் அவர் பக்கமும் பாருங்கள். பத்துப் பேருக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டியவர் அவர். ஆறு வாரமாகச் சைட் பாதியில் நிற்கிறது. அதோடு, அவர் கட்டிய சாரத்திலிருந்து வீட்டுக்காரரே விழுந்துவிட்டார். பணம் பிடித்துக்கொள்வீர்களோ, போலீசுக்குப் போவீர்களோ என்ற பயம் அவருக்கும் இருக்கும். போன் செய்து அவரை உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். தளம் வரைக்கும் இவ்வளவு, முட்டு பிரித்ததும் இவ்வளவு, அப்புறம் தை வரை வேலை இல்லை, தையில் முதல் உரிமை உங்களுக்குத்தான் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். 'நான் வரும் வரைக்கும் இவங்க சொல்றதுதான்' என்று அவர் முன்னாலேயே சொல்லுங்கள். அதற்கப்புறம் மனைவிக்குத் தெரியாமல் மேஸ்திரிக்கு நீங்கள் போன் பண்ணக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் தகராறு வருவது இந்த இரண்டாவது போனால்தான்.

அந்தச் சந்திப்பிலேயே சாரத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள், கோபமில்லாமல். பலகையை இரண்டு முனையிலும் கட்டியிருந்தால் அது புரண்டிருக்காது. ஒரே ஒரு பலகையில் நின்று வேலை செய்வதும் தப்பு, குறைந்தது இரண்டு பலகை அகலமாவது வேண்டும், இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டையும் வேண்டும். அன்றைக்கு விழுந்தது நீங்கள். இன்னொரு நாள் தலையில் சட்டியோடு ஏறுகிற சித்தாள் விழுவார். அவருக்கு மூன்று மாதம் படுத்திருக்க வசதி இருக்காது. ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சாரத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டிய பிறகுதான் ஒரு செங்கல்கூட மேலே போக வேண்டும்.

'காவு கேட்குது' என்பதற்கும் இதேதான் என் பதில். உங்கள் மனை எதையும் கேட்கவில்லை, ஒரு முழக் கயிறு கேட்டது, அதை யாரும் கட்டவில்லை. மாமியார் மனசு ஆறப் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்றால் தாராளமாக உடையுங்கள், திருஷ்டி பொம்மை மாட்டுங்கள். எழுபது ரூபாயில் வீட்டில் அமைதி கிடைத்தால் லாபம்தான். வாஸ்து பார்க்கிறேன் என்று வந்து ஈசான மூலைச் சுவரை இடிக்கச் சொல்கிறவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பணம். வங்கிக்கு விபத்தையும் வேலை தள்ளிப்போவதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தளம் போட்டதும் வரவேண்டிய தவணையை வாங்கி அந்தச் செலவை முடியுங்கள். அதற்கடுத்த தவணையை தை வரைக்கும் எடுக்காதீர்கள். எடுத்த தொகைக்குத்தானே இப்போது வட்டி. பழைய வருமான வரி முறையில் இருந்தால், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 வருடத்துக்குள் வீடு முடிந்தால் 2 லட்சம் வரை வட்டிக் கழிவு கிடைக்கும், ஆறு மாதத் தாமதத்தால் அது போய்விடாது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் மருத்துவ விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று வேண்டும், நிறையப் பேர் தனியார் மருத்துவமனையில் பார்த்துவிட்டு இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். தளத்துக்கு வேண்டிய சிமெண்டை மட்டும் வாங்குங்கள். 'விலை ஏறப்போகுது' என்று பூச்சுக்கும் சேர்த்து இறக்கினால் மழைக்காலத்தில் மூட்டை ஓரத்தில் கட்டி பிடிக்கும். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டை நான் தூணுக்கும் பீமுக்கும் தொடுவதில்லை. பின்னால் மாடி கட்டுவதற்காகத் தளத்துக்கு மேலே நீட்டி விட்டிருக்கும் தூண் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் அடித்து, பாலிதீன் சுற்றிக் கட்டிவிட வேண்டும். அரை நாள் வேலை, ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள். தாளில் அதையும் எழுதுங்கள்.

அப்பா விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். தையில் முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சித்திரையோ வைகாசியோ நல்ல முகூர்த்தம் இருக்கிறது. தளம் போடும் காலையில் தேங்காய் உடைக்க உங்கள் இடத்தில் அவர் போகட்டும். பூஜை முடிந்ததும் ஆட்டோவில் திரும்பி வந்துவிட வேண்டும், அவருக்கும் அங்கே நாற்காலி கிடையாது.

தூக்கத்தைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் கடிதம் முழுக்கக் கேட்டது. நான் படுத்திருந்த நாட்களில் என் மனைவி தலைமுடியில் மணலோடு வீட்டுக்குள் வருவாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம் கோபமாக வெளியே வரும். 'ஏன் அதைக் கேட்கல, ஏன் இதைப் பார்க்கல' என்று அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் அவள் பதில் சொல்லாமல் அளவு எழுதிய நோட்டை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அதில் எல்லாம் சரியாக இருந்தது, என் கையெழுத்தைவிட நன்றாகவும் இருந்தது. உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாவிட்டால் எலும்பு டாக்டரிடமே சொல்லுங்கள், வலியால் வருவதா மனசால் வருவதா என்று அவர் பார்ப்பார். 104-க்குப் போன் செய்தாலும் பேச ஆள் இருக்கிறார்கள்.

அதோடு, உங்களுக்கு உண்மையாகவே ஒரு வேலை இருக்கிறது. பொழுதை ஓட்டுகிற வேலை இல்லை, வீட்டுக்கு வேண்டிய வேலை. பிளானைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு அறையிலும் சுவிட்ச், பிளக், ஃபேன், ஏ.சி. எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். கட்டில் எங்கே வரும், பீரோ எங்கே வரும், மிக்சியை எங்கே வைப்பார், கிரைண்டர் எங்கே என்று மனைவியிடம் கேட்டுக் கேட்டுப் போடுங்கள். ஃபேன் பாக்சும் தளத்துக்குள் போகும் பைப்பும் கான்கிரீட்டுக்கு முன்னாலேயே முடிவாக வேண்டும், அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். பெரும்பாலான வீடுகளில் எலக்ட்ரீஷியன் வந்து நின்று 'எங்க வேணும்?' என்று கேட்கும்போதுதான் யோசிப்பார்கள். பூச்சு முடிந்த பிறகு சுவரைக் கொத்துவார்கள். போன வாரம்கூட ஆவடியில் ஒரு புது வீட்டில் பீரோவுக்குப் பின்னால் மூன்று பிளக் பாயிண்ட் பார்த்தேன்.

கூடவே ஒரு மாதமாக ஊன்றுகோலோடு குளியலறைக்குப் போய்வருகிறீர்களே, எங்கே கை பிடிமானம் தேடுகிறது என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? புது வீட்டுக் குளியலறையில் அந்த உயரத்தைக் குறியுங்கள். வாசலில் ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் சாய்வு. 74 வயது அப்பா வரப்போகிற வீடு அது.

எப்போது சைட்டுக்குப் போகலாம்? எக்ஸ்ரே பார்த்து டாக்டர் 'ஊன்றலாம்' என்று சொன்ன பிறகும் உடனே இல்லை. முதலில் தெருவில், அப்புறம் மாடிப்படியில், பிசியோ சொல்லித் தருகிறபடி. முட்டுகளையெல்லாம் பிரித்து, தரையைக் கூட்டிய பிறகு, மழையில்லாத ஒரு காலையில் மனைவியோடு போங்கள். குதிகால் உடைந்தவர்களுக்கு மேடுபள்ளத்தில் நடப்பதுதான் ரொம்ப நாள் சிரமம் கொடுக்கும், அதனால் கணுக்காலை மூடுகிற ஷூ போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டாம். தளத்தின் மேல் ஏறிப் பார்க்க ஆசை வரும். கைப்பிடி வைக்காத படியில் இந்த வருடம் ஏறாதீர்கள். சாரத்தில் இனி என்றைக்குமே ஏற வேண்டாம், சுவர் மட்டம் பார்ப்பது கொத்தனார் வேலை, அவரிடம் ரசமட்டம் இருக்கிறது.

கம்பி கட்டி முடித்ததும் மனைவியை ஐந்தாறு படம் எடுக்கச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து முழுத் தளம் வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது. கம்பிக்குப் பக்கத்தில் டேப்பை வைத்து, எண் தெரிகிற மாதிரி குனிந்து எடுக்கட்டும். ஒரு படத்தில் கவர் பிளாக், ஒரு படத்தில் போர்டிகோவின் மேல் கம்பி. உங்கள் பொறியாளரிடம் காட்டிய பிறகு எனக்கும் அனுப்புங்கள். நானும் பார்க்கிறேன்.